சுமைக் கொட்டகைக்கு மேலே

நீங்கள் கடைசியாக யாரைப் பார்த்துப் பொறாமைப்பட்டீர்கள்? ஒருவரையும் இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பக்கத்து வீட்டுப் புதுக் காரையும் கூடப் படித்தவனின் வேலையையும் சொல்லித் தப்பிக்கவும் வேண்டாம். ஒருத்தி சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்காருகிற விதத்தைப் பார்த்து உங்களுக்கு வயிறு எரிந்திருக்கிறதா?

சரண்யாதேவிக்கு எரிந்தது. எரிந்த வயிற்றோடுதான் ஒரு மலை ஏறினாள்.

பொறாமை பாவம் என்று நமக்குச் சின்ன வயதிலேயே சொல்லி வைத்துவிடுகிறார்கள். அதை முதலில் சொன்னவன் யாராக இருப்பான் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இல்லாதவன் சொல்லியிருக்க மாட்டான். எல்லாவற்றையும் தன் வீட்டில் பூட்டி வைத்துக்கொண்டவன்தான், வயிறு முட்டச் சாப்பிட்டு முடித்து, பல்லைக் குத்திக்கொண்டே சொல்லியிருப்பான்.

சரண்யாதேவி மதுரை ஒத்தக்கடைப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். கல்லூரி நாட்களில் கபடியில் மாவட்ட அணிக்கு ஆடியவள். இன்றைக்கும் அவள் ஒரு முறை விசில் ஊதினால் மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்கிற பன்னிரண்டாம் வகுப்புப் பையன்கூடச் சட்டையை உள்ளே விட்டுக்கொள்வான். ஊர், வாடிப்பட்டிக்கு வடக்கே மலையடிவாரத்தில் இருக்கும் கரட்டுப்பட்டி. அப்பா சின்னான், பிறர் நிலத்தில் கூலிக்கு உழைத்து மகளைப் படிக்க வைத்தவர். ஊருக்குப் பின்னால் நிற்கிற மலையின் உச்சியில் தீபப்பாறை என்று ஒரு மொட்டைப் பாறை. கார்த்திகைக்குக் கார்த்திகை அதன் மேல் தீபம் ஏற்றுவார்கள். அதற்கான எண்ணெய் டின்களைத் தலையில் சுமந்து ஏறியவர்களில் சின்னானும் ஒருவர்.

உச்சிக்குச் சுமந்து போனார் என்று நினைத்துவிடாதீர்கள். பாறைக்குக் கீழே ஒரு கல் கொட்டகை உண்டு. சுமைக் கொட்டகை என்று அதற்குப் பெயர். சின்னானும் அவருடைய ஆட்களும் அங்கே டின்களை இறக்கிவிட வேண்டும். அங்கிருந்து, தீபம் ஏற்றும் உரிமையுள்ள தீபக்காரக் குடும்பத்து ஆட்கள், குளித்து ஈர வேட்டியோடு வந்து, எடுத்துப்போவார்கள். அந்தச் சாமிக்குச் சின்னானின் தலையில் வந்த எண்ணெய் ஆகும், அவருடைய கால் ஆகாது. மேலே போனவர்கள் திரும்பி வரும்வரை அவர்களுடைய செருப்புகளையும் காலி டின்களையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவருக்கு வேலை. "நீங்க போயிட்டு வாங்க சாமி, நான் இதுகளப் பாத்துக்கிறேன்" என்பாராம். இதை வீட்டில் ஏதோ பொறுப்பான பதவியைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்வார்.

சரண்யா ஏழாம் வகுப்பு படிக்கும்போது, அவரவர் ஊரைப் பற்றி ஆளுக்கு ஒரு செய்தி சொல்லும்படி ஆசிரியை கேட்டார். சரண்யா எழுந்து, "எங்க ஊர் மலை உச்சியில ஒரு குளம் இருக்கு டீச்சர். கோடையிலயும் தாமரை பூக்கும். எங்கப்பா சொல்லிருக்காரு" என்றாள்.

முதல் பெஞ்சிலிருந்து திவ்யா எழுந்தாள். தீபக்காரக் குடும்பத்துப் பெண். "குளமெல்லாம் இல்ல டீச்சர். ஒரு இரும்புக் கொப்பரதான் இருக்கு. போன கார்த்திகைக்கு எங்க தாத்தா என்னையக் கூட்டிட்டுப் போனாரு."

வகுப்பே சிரித்தது. திவ்யா கேலி செய்யவில்லை. தெரிந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். அதுதான் சரண்யாவுக்கு ஆறவே இல்லை. கேலி செய்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

அன்று சாயங்காலம் அவள் அப்பாவைப் பிடித்து உலுக்கினாள். அவர் மாட்டுக்குத் தட்டை வெட்டிக்கொண்டிருந்தார்.

"நான் கொட்டக வரைக்குந்தான தாயி போவேன். அதுக்கு மேல நமக்கென்ன வேல?"

"அப்பக் கொளம்?"

"இருக்கும்னு நெனச்சேன்" என்றார் சின்னான்.

பல வருடம் கழித்து, அதே திவ்யா அதே ஒத்தக்கடைப் பள்ளிக்குக் கணினி ஆசிரியையாக வந்து சேர்ந்தாள். சரண்யாவைக் கண்டதும் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் முதல் வாய் சரண்யாவுக்குத்தான். நல்லவளைப் பார்த்துப் பொறாமைப்படுவது எவ்வளவு சிரமம் தெரியுமா? வெறுக்க ஒரு காரணமும் கிடைக்காமல், பொறாமை உள்ளேயே கிடந்து ஊறும்.

தை மாதம் பிறந்ததும் ஆசிரியர் அறையில் திவ்யா அறிவித்தாள். "சனிக்கெழம எல்லாரும் கெளம்புங்க. எங்க மலைக்குக் கூட்டிட்டுப் போறேன். ராத்திரி கொட்டகையில தங்கல், விடியக்காலம் உச்சிப் பாறை."

எங்க மலை. மலையடிவாரத்தில் பிறந்த சரண்யா அந்த மலையை ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. "ஊர் மலை" என்பாள். போகவே கூடாது என்று முதலில் நினைத்தாள். ஆனால் போகாவிட்டால் திங்கட்கிழமை திவ்யா போனை நீட்டி, "இங்க பாருடி, இது உச்சி" என்று படம் காட்டுவாள். இன்னொரு முறை அவள் பார்த்ததை இவள் கேட்டுத் தெரிந்துகொள்வதா? பெயரைக் கொடுத்துவிட்டாள்.

வேன் காளவாசலிலிருந்து புறப்பட்டது. கணவன் முத்துக்குமரன் பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிட்டான். "மலைக்குப் போறியா, சண்டைக்குப் போறியா? மூஞ்சி அப்படி இருக்கு" என்றான்.

"ரெண்டும் ஒன்னுதான். நீ போ."

கரட்டுப்பட்டி மாந்தோப்புகளைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கியது. வேலியோரக் கள்ளி போய், உசிலையும் கருங்காலியும் வந்தன. திவ்யா பழைய ஷூ ஒன்றை மாட்டிக்கொண்டு முன்னால் போனாள். அவளுக்குத் தெரியாத பாறையே இல்லை. "இங்கதான் எங்க தாத்தா வெத்தல போடுவாரு." "இந்த வளைவுல எங்க சித்தப்பா ஒரு தடவ மலப்பாம்பப் பாத்துட்டு வேட்டிய விட்டுட்டு ஓடிட்டாரு." கேட்டவர்கள் சிரித்தார்கள். சரண்யாவின் அப்பாவும் இதே வளைவில்தான் தலையில் டின்னோடு திரும்பியிருப்பார். ஆனால் தலையில் சுமை இருப்பவன் நின்று கதை சேர்க்க முடியாது. அவர் வீட்டுக்குக் கொண்டுவந்ததெல்லாம் கழுத்து வலிதான். ஒரு மலையைப் பற்றி இத்தனை கதை வைத்திருப்பதும் ஒரு சொத்து என்பது அவளுக்கு அன்றுதான் உறைத்தது. அந்தச் சொத்திலும் அவள் பங்குக்கு ஒன்றுமில்லை.

கூட்டத்திலேயே வேகமான கால்கள் அவளுடையவை. இருந்தும் கடைசியாக நடந்தாள். அவளுக்கும் பின்னால் ஒரே ஓர் ஆள், கணக்கு வாத்தியார் தவ்பீக். மதுரை டவுனுக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர், மாடிப்படியைக்கூட மரியாதையோடு பார்ப்பவர்.

"டீச்சர், இந்த மல முடியுமா முடியாதா?"

"இன்னும் பாதிதான் சார்."

"யா அல்லா! தக்காளி வாங்கிட்டு வான்னு சொன்னா நான் லிப்ட்ல ஏறுற ஆளு. என்னையப் போயி..."

வெயில் சாய்கிற நேரத்தில் கொட்டகை வந்தது. நான்கு பக்கமும் கருங்கல், மேலே தகரம். திவ்யா வீட்டில் ஏற்பாடு செய்திருந்த ஊர்க்காரர் விருமாண்டி முன்னமே வந்து அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். "வா பாப்பா, வா" என்று திவ்யாவை வரவேற்றார். ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தவர் சரண்யாவிடம் நின்றார்.

"நீ சின்னான் மகதான?"

"ஆமாண்ணே."

"மூக்கு அப்படியே இருக்கு. நல்லதாப் போச்சு. அந்தக் கொடத்த எடுத்துட்டுப் போயி ஊத்துல தண்ணி மோந்துட்டு வந்துரு. கெழக்க ஒரு ஒத்தையடிப் பாத எறங்குது பாரு."

கொட்டகை முழுக்க ஆசிரியர்கள் இருந்தார்கள். அவர்களில் குடம் தூக்க முடியாதவர் ஒருவருமில்லை. விருமாண்டியின் குரலில் கெட்ட எண்ணமும் இல்லை. பழகிய இடத்தில் பழகிய பொருளைத் தேடி எடுப்பதுபோல் எடுத்தார். ஆனால் நம்மைத் திடுக்கிட வைக்க வேண்டியது அவர் சொன்னது அல்ல. சரண்யா போனதுதான். ஒரு சொல் பேசாமல் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள்.

ஊற்றில் குனிந்து மோக்கும்போது கழுத்திலிருந்த விசில் ஆடிப்போய்க் குடத்தின் வாயில் டிங் என்று மோதியது. சரண்யா அப்படியே நின்றுவிட்டாள். அந்த விசிலுக்கு ஒரு மைதானமே அடங்குகிறது. அதைக் கழுத்தில் மாட்டியவளை, ஒருவர் மூக்கைப் பார்த்து அடையாளம் கண்டு, தன் வீட்டு வேலைக்காரிபோல் அனுப்பிவிட்டார். அவளும் வந்துவிட்டாள். சட்டம் வந்து, படிப்பு வந்து, மாதச் சம்பளம் வந்து, காலுக்கு மட்டும் இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை. இன்றைக்கு யாரும் யாரையும் தடுப்பதில்லை என்று சொல்கிறார்களே, உண்மைதான். தடுக்கிற வேலையைத் தடுக்கப்பட்டவர்களிடமே ஒப்படைத்தாயிற்று.

குடத்தைக் கவிழ்த்துவிட்டு வெறுங்கையோடு போகலாமா என்று நினைத்தாள். போகவில்லை. நிரப்பிக்கொண்டுதான் ஏறினாள்.

கொட்டகை வாசலில் திவ்யா ஷூவைக் கழற்றிப்போட்டு, சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கண் பாதி மூடியிருந்தது.

"ஏய் சரண்யா, தெய்வம்டி நீ. ஒரு டம்ளர் குடு, நாக்கு ஒட்டிக்கிருச்சு."

கொடுத்தாள். திவ்யா மடமடவென்று குடித்தாள். சரண்யா அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நன்றி மறந்தவள் இல்லை திவ்யா. "தேங்க்ஸ்டி" என்று கையைத் தட்டியும் கொடுத்தாள். ஆனால் தண்ணீருக்கு யார் எழுந்து போனது என்ற நினைப்பு அவள் மண்டைக்குள் ஒரு நொடிகூட எட்டிப் பார்க்கவில்லை. அந்தச் சாய்வு, அந்தப் பாதி மூடிய கண், யாராவது கொண்டுவருவார்கள் என்று முதுகெலும்புக்கே தெரிந்திருந்த நிம்மதி. உலகத்தில் எதையும் விட அதுதான் சரண்யாவுக்கு வேண்டியிருந்தது. தவ்பீக் வீட்டிலிருந்து வந்த கறிக்குழம்பை எல்லோரும் நக்கி நக்கிச் சாப்பிட்டார்கள். அவளுக்கு மட்டும் உப்புத் தெரியவில்லை. படுத்ததும் திவ்யா குறட்டை விட ஆரம்பித்தாள். அதையும் பார்த்துப் பொறாமைப்பட்டாள்.

கிழக்கு வெளுத்தது. பாறை, பெரிய பூசணிக்காயைக் கவிழ்த்து வைத்ததுபோல் தலைக்கு மேலே நின்றது. "செருப்பு ஷூவெல்லாம் இங்கயே விட்ருங்க" என்றார் விருமாண்டி. "வெறுங்காலுக்குத்தான் பாற பிடிபடும்" என்றாள் திவ்யா. ஆளாளுக்குக் கழற்றிக் கொட்டகை வாசலில் குவித்தார்கள். பைகளையும் போட்டார்கள்.

அந்தச் செருப்புக் குவியலைச் சரண்யா பார்த்தாள். வாய் தானாகப் பேசியது.

"நீங்கல்லாம் போயிட்டு வாங்க. நான் பையப் பாத்துக்கிறேன்."

சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய குரல் என்று அவளுக்குத் தெரிந்தது. உச்சியைப் பார்ப்பதற்கென்றே கிளம்பி வந்தவள், உச்சிக்கு அடியில் நின்றுகொண்டு, அப்பாவின் வாசகத்தை கிட்டத்தட்ட அப்படியே ஒப்பித்துவிட்டாள்.

"அட, என்னடி நீ" என்றாள் திவ்யா. அதற்கு மேல் வற்புறுத்தாமல் திரும்பிவிட்டாள். கேட்டவுடன் நம்பிவிட்டாள். அவளுக்குத் தெரிந்த உலகத்தில் பையைப் பார்த்துக்கொள்ள எப்போதும் ஒருவர் இருந்திருக்கிறார்.

காரியத்தைக் கெடுத்தவர் தவ்பீக்தான். அவர் அதற்குள் செருப்புகளின் நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டிருந்தார். "டீச்சர், என்ன அநியாயமா இருக்கு? பையப் பாக்குற போஸ்ட்டு என்னுது. நேத்தே ரிசர்வ் பண்ணிட்டேன். எனக்கு உசரம்னாலே மண்ட சுத்தும், நான் உக்காருறேன், ஒரு நியாயம் இருக்கு. கபடி ஆடுன காலு, உங்களுக்கென்ன கேடு? எனக்குப் போட்டிக்கு வாரீங்களே!"

எல்லோரும் சிரித்தார்கள். சரண்யா சிரிக்கவில்லை. மனசார உட்காருகிறவன் எப்படி உட்காருவான் என்பதைக் கண்ணுக்கு நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னான் ஒரு நாளாவது இப்படி உட்கார்ந்திருப்பாரா? மேலே திவ்யா முதல் பிடியில் காலை வைத்துவிட்டாள். அவள் இன்னும் சற்று நேரத்தில் உச்சியில் நிற்பாள். மறுபடியும்.  சரண்யா ஷூவை உதறினாள்.

விருமாண்டி நிமிர்ந்தார். "நீயுமா?"

"ஏண்ணே, பாற தாங்காதா?"

"அதுக்கில்லத்தா..."

"எதுக்கு?"

அவர் அடுப்புப் பக்கம் திரும்பி விறகைத் தள்ளிவிட்டார்.  அவருடைய அப்பாவைக் கேட்டிருந்தாலும் அடுப்பைத்தான் பார்த்திருப்பார்.

பாறையில் ஒரு நீண்ட விரிசல் மேலே போயிற்று. அதில் விரலை விட்டு, வயிற்றைப் பாறையோடு ஒட்டி ஏற வேண்டும். மேலிருந்து திவ்யா வழி சொன்னாள். "எடது கால அந்தப் பொந்துல வைடி. வலது கைக்கு மேல ஒரு புடைப்பு இருக்கு பாரு." சரண்யா வீம்புக்கு வலது காலை வைத்தாள். வழுக்கியது. முழங்கை பாறையில் தேய்ந்து எரிந்தது. கீழே பார்த்தால் தவ்பீக் செருப்புகளுக்கு நடுவில் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஒரு மூச்சு விட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, இடது காலை அந்தப் பொந்திலேயே வைத்தாள். பொந்து யார் வீட்டுச் சொத்தும் அல்ல. கால் நின்றது.

கடைசி ஏற்றத்தில் திவ்யா குனிந்து கையை நீட்டினாள். சரண்யா அதைப் பிடிக்கவில்லை. முட்டியால் உந்தி, மார்பால் தேய்த்து, பல்லிபோல் ஊர்ந்து மேலே வந்து விழுந்தாள்.

"ஏன் புள்ள, கைய நீட்டுனா புடிக்க மாட்டியா?" திவ்யாவின் முகம் சுருங்கிப்போயிற்று.

"மொதத் தடவ நீ ஏறுனப்ப ஒனக்கு யாரு கை குடுத்தா?"

"எங்க தாத்தா."

"அப்பக் கீழ உக்காந்து ஒங்க செருப்பப் பாத்துக்கிட்டது யாரு?"

திவ்யா யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். "யாரோ ஒரு ஆளு இருப்பாரு. தெரியலடி."

"எங்கப்பா."

மற்றவர்கள் கொஞ்சம் தள்ளி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.  "சத்தியமா எனக்குத் தெரியாது சரண்யா."

"தெரியாதுன்னு எனக்குத் தெரியும். ஒன் வீட்டப் பாத்தோ ஒன் நகையப் பாத்தோ எனக்கு ஒருநாளும் பொறாம இல்லடி. தெரியாமயே ஒன்னால இருக்க முடியுது பாரு, அதப் பாத்துத்தான் எரியுது."

சூரியன் வந்தது. சரண்யா எழுந்து உச்சியைச் சுற்றிப் பார்த்தாள். திவ்யா ஏழாம் வகுப்பில் சொன்னது உண்மைதான். ஒரு துருப்பிடித்த இரும்புக் கொப்பரை. அதற்குள் கரி, காக்கை எச்சம், யாரோ விட்டுப்போன பிஸ்கட் உறை. பாறையில் வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு இதயமும் இரண்டு பெயர்களும். சாமி இருந்த தடயம் ஒன்றும் இல்லை. இத்தனை தலைமுறையாகச் சிலருடைய கால் படக்கூடாது என்று காவல் காக்கப்பட்டது இதுதான். இந்த ஒன்றுமில்லாதது.

உச்சியில் சிக்னல் நன்றாகக் கிடைத்தது. அப்பாவுக்குப் போன் போட்டாள். பின்னால் ஆட்டின் குரல் கேட்டது.

"அப்பா, நான் மேல நிக்கிறேன்."

"மேலன்னா?"

"கொட்டகைக்கு மேல. பாற உச்சியில."

 சின்னான் குரலைத் தாழ்த்தி, "யாரும் ஏதும் சொன்னாங்களா தாயி?" என்றார்.

"ஒருத்தரும் ஒன்னும் சொல்லல."

"ஒன்னுமேவா சொல்லல?"

அவர் காலத்தில் ஏறியிருந்தால் முதுகுத் தோலை உரித்திருப்பார்கள். அது அவருக்கும் தெரியும், மகளுக்கும் தெரியும். ஆனாலும் அந்தக் கேள்வியில் ஒரு பொறாமை இருந்தது. மகள்மீது அப்பனுக்கு. சரண்யா அதைக் கேட்டாள். அந்தக் குரலை அவளுக்கு நன்றாக அடையாளம் தெரியும்.

"கொளம் இருக்கா?" என்றார்.

"இல்லப்பா. ஒரு ஓட்டக் கொப்பர. அதுல காக்கா பேண்டு வச்சிருக்கு."

சின்னான் சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். "இதுக்கா தாயி நான் அம்புட்டு எண்ணெ சொமந்தேன்!"

இறங்கி வந்ததும் விருமாண்டி டீக்கு அடுப்பை மூட்டினார். குடம் காலியாக இருந்தது. அவர் கண் பழக்கத்தில் சரண்யாவிடம் போவதற்குள், திவ்யா குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். இரண்டு அடி வைத்து நின்றாள்.

"ஏய், ஊத்து எங்கடி இருக்கு?"

எத்தனையோ கார்த்திகைக்கு இந்த மலைக்கு வந்தவள். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு கதை வைத்திருந்தவள்.

"கெழக்க எறங்கு. வழுக்கும், பாத்துப் போ" என்றாள் சரண்யா. கூடப் போகவில்லை. கொட்டகைச் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்தாள். கல் முதுகில் குத்தியது. இப்படி அப்படி நகர்ந்து பார்த்தாள். திவ்யா உட்கார்ந்ததுபோல் வரவில்லை. எழுந்துவிடலாமா என்று கால் இரண்டு முறை கேட்டது. எழவில்லை. பொறாமை அடங்கிவிட்டதா என்றால், இல்லை. தண்ணீர் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

இப்போது உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் குடும்பத்தோடோ நண்பர்களோடோ நீங்களும் எங்காவது போவீர்கள். மலைக்கு, அருவிக்கு, கடற்கரைக்கு. அங்கே உங்களில் ஒருவர், பெரும்பாலும் ஒரே ஆள், "நீங்க போயிட்டு வாங்க, நான் பையப் பாத்துக்கிறேன்" என்பார். அது உங்கள் அம்மாவாக இருக்கலாம், வீட்டு வேலை செய்கிற அக்காவாக இருக்கலாம், வண்டி ஓட்டி வந்தவராக இருக்கலாம். கேட்டவுடன் நம்பிவிட்டுத் திரும்பாதீர்கள். அவர் தவ்பீக் வாத்தியாரா சின்னானா என்று விசாரியுங்கள். சின்னான் என்றால், நீங்கள் பைக்குப் பக்கத்தில் உட்காருங்கள். அவர் மேலே போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.